மூன்றாவது ஓட்டு

"அத்தை, உங்க ஓட்டு மட்டும்தான் பாக்கி."

"குரூப் மெயில்ல கேளு. சமையல்கட்டுல வந்து ஓட்டு கேட்கிற வேலையெல்லாம் வேண்டாம்."

மாமியார் தலை நிமிராமல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, அடுத்த அறைக்கு மெயில் அனுப்ப வேண்டுமாம்!

இருவரும் ஒரே மென்பொருளுக்காக உழைக்கிறவர்கள். சம்பளம் கிடையாது. பேச்சு வராத குழந்தைகள் டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொட்டால், அது அவர்களுக்காகப் பேசும். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் புதுப் பதிப்பு வெளியே போக வேண்டுமென்றால், குழுவில் மூன்று பேர் அதைத் தங்கள் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டு, எல்லோரும் படிக்கும் பொது மெயிலில் 'சரி' என்று எழுத வேண்டும். ஒருவர் 'வேண்டாம்' என்றால் பதிப்பு நின்றுவிடாது. மூன்று 'சரி' சேராவிட்டால் நின்றுவிடும். பதிப்பைத் தொகுத்துக் கட்டியவரின் ஓட்டு கணக்கில் வராது. இந்த முறை கட்டியவள் மருமகள்.

கணவனின் ஓட்டு வந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் தாடிக்கார உறுப்பினர் ஒருவரின் ஓட்டும் வந்துவிட்டது. குழுவில் மற்றவர்கள் விடுமுறையில் இருந்தார்கள். இன்று மாலையோடு ஓட்டெடுப்பு முடிகிறது.

"நாளைக்கு அந்த ஸ்கூல்ல எல்லா டேப்லெட்டுலயும் புதுசு போடப்போறாங்க அத்தை. டீச்சர் காலையிலேயே போன் பண்ணிட்டாங்க. பழசு பாதிப் பேச்சுல நின்னுடுதாம். ஒரு பொண்ணு 'வயிறு வலிக்குது'ன்னு சொல்ல முடியாம தட்டித் தட்டிப் பார்த்துட்டு அழுதிருக்கா. நாளையை விட்டா ஸ்கூல் லீவு முடிஞ்சுதான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே!"

சத்தம் கேட்டுக் கணவன் தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தான். "அம்மா, ஒரு ஓட்டுதானே? போட்டுட்டுப் போயேன்."

"நீ போட்டுப் பார்த்தியாடா?"

"பார்த்தேனே. சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது."

"எல்லாப் படத்தையும் தொட்டுப் பார்த்தியா?"

"எல்லாம்னா... முக்கியமானதை." கோப்பைக்குள் என்னவோ மிதப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டே அவன் நகர்ந்துவிட்டான். இந்த வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே நிற்பது ஆபத்து என்று அவனுக்குத் தெரியும்.

மருமகள் விடவில்லை. "எனக்குப் புரியுது அத்தை. போன வருஷம் வரைக்கும் வெர்ஷன் கட்டினது நீங்க. இப்ப நான் கட்டறேன். அதான் பொறுக்கலை. நீங்க கட்டினப்ப எத்தனை தப்பு இருந்தாலும் யாரும் வாயைத் திறக்கலை. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்!"

கத்தி நின்றது. மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கு நிஜமாகவே வலித்தது. இந்தப் பொறுப்புக்கு மருமகளை விட்டால் ஆள் இல்லை என்று குழுவில் முதலில் எழுதியவளே அவள்தான்.

"ஓட்டெடுப்பை நீயே வாபஸ் வாங்கிடும்மா. புதுசா ஒண்ணு கட்டு. அவசரம்னா நாள் கணக்குப் பார்க்காம உடனே ஓட்டெடுக்க விதியில இடமிருக்கு. முதல் ஆளா நான் உட்கார்ந்து பார்க்கறேன்."

"எதுக்கு வாபஸ் வாங்கணும்? என்ன குறைன்னு சொல்லுங்க!"

"குறையை குரூப்லதான் சொல்லணும். அதான் விதி."

"அப்ப குரூப்லயே எழுதுங்க! நாலு பேர் படிக்கட்டும். தப்பு யார் மேலன்னு ஊருக்கே தெரியட்டும்!"

"எழுதிட்டா அழிக்க முடியாதும்மா. எத்தனை வருஷம் கழிச்சும், முன்னே பின்னே தெரியாதவன்கூட எடுத்துப் படிப்பான். எழுதி எழுதிப் பார்த்துட்டேன். அனுப்பத்தான் மனசு வரலை. நேர்ல சொல்லலாம்னா அதுக்கும் வாய் வரலை."

"பூசி மெழுகாதீங்க அத்தை. என்னன்னு இப்பவே சொல்லுங்க."

மாமியார் பெருமூச்சு விட்டாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, தன் டேப்லெட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். திரையில் வரிசையாகப் படங்கள்.

"நீ கட்டினதேதான். நான் ஒரு புள்ளியைக்கூட மாத்தலை. இதுல பேசற புதுக் குரல் யாருது?"

"என்னோடதுதான். மாசக் கணக்கா தொண்டை வறளப் பேசிப் பதிவு பண்ணினேன். ஏன், நல்லாயில்லையா?"

"நல்லா இருக்கு. ரொம்பவே நல்லா இருக்கு. நீயே தொட்டுப் பாரேன்."

மருமகள் 'பசிக்குது' படத்தை வெடுக்கென்று தொட்டாள்.

"ஐயோ, எம் புள்ளை இளைச்சுத் துரும்பாயிட்டானே! வந்த மகராசி இவனுக்குச் சாப்பாடு போடறாளா, இல்ல கண்ணுல காட்டிட்டு எடுத்து வெச்சுடறாளா?" என்றது டேப்லெட், மூக்கால் இழுத்து, அச்சு அசலாக மாமியாரைப் போலவே.

ஒத்திகையின்போது புருஷனைச் சிரிக்க வைக்க மருமகள் விளையாட்டாகப் பேசி, அன்றைக்கே அழித்துவிட்டதாக நினைத்திருந்த பதிவுகள் ஒன்று விடாமல் பதிப்பில் ஏறியிருந்தன.