வில்லன் சரியில்லை

போட்டிக்கு வந்திருந்த கதையைப் படித்துவிட்டு மேசைமேல் வீசினார் பத்திரிகை ஆசிரியர்.

“புனைபெயர்ல எவளோ எழுதியிருக்கா. வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி பொண்டாட்டியைத் தங்கமே, வைரமேன்னு கொஞ்சுறானாம். அவங்க போனதும் பால்கனியில தள்ளிக் கதவைச் சாத்திடுறானாம்.”

“பாவிதானே?” என்றாள் மனைவி, துணி மடித்தபடியே.

“ஏதோ கோபத்துல செஞ்சிருப்பான். அதுக்குப் போய் ராட்சசனாக்கிட்டா. வில்லன்னா கொலை, கொள்ளைன்னு ஏதாவது பண்ண வேணாமா? முடிவும் ஒட்டல. அவ பாட்டுக்குப் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுறா. எவ போவா?”

மடித்த துணிகளைப் பெட்டியில் அடுக்கி மூடினாள்.

“நீங்க என்னைப் பால்கனியில வெச்சுப் பூட்டினப்போ யோசிச்ச கதைங்க அது. வில்லனை வேணும்னா நல்லவனாக்கிக்கோங்க. முடிவுல மட்டும் கை வைக்காதீங்க!”

பெட்டியோடு படியிறங்கினாள்.