பொன்னாடைக்கு ஒரு கை

சமுதாயக் கல்லூரியின் சுவர் காலையிலேயே ஊழியர் செய்தியைச் சொல்லிவிட்டது. காவலாளி இருளப்பன் இன்று ஓய்வு பெறுகிறார், மாலையில் பாராட்டு விழா. வருகிற வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா. பேசுகிற சுவரை இருளப்பன் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனாலும் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து மேடையில் உட்கார்ந்தார்.

நேரில் ஒருவரும் வரவில்லை. நாற்காலிக்கு ஒரு திரையாக, அவரவர் முகத்தோடும் குரலோடும் பேசும் கணினிப் பதிலாள்தான் வந்திருந்தது.

"அண்ணாச்சி, தலையைக் கொஞ்சம் குனியுங்க, பொன்னாடை போத்துதோம்," என்றது முதல்வரின் பதிலாள்.

குனிந்தார். கைதட்டல் கேட்டது. பொன்னாடை மேசையிலேயே கிடந்தது.

"போத்த ஒரு கை வேணும்லா?" என்று நிமிர்ந்தவர், தச்சு வாத்தியார் சூசையின் திரையைப் பார்த்தார். தினமும் கூட டீ குடித்த சிநேகிதன். "ஏலே சூசை, நீயாவது நேர்ல வரக் கூடாதா?"

"அவரு வீட்ல இருக்காரு. சொன்னா வீணா அலைவாருன்னு நான் விழாவையே சொல்லல," என்றது சூசையின் பதிலாள்.

இருளப்பன் பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சூசை வீட்டுக்கு நடந்தார். மணியை அழுத்தியதும் கதவு சூசையின் குரலில் பேசியது.

"விழா அருமைலே. போய்ப் படு."

"நான் அவன்கிட்ட பேசணும். கதவைத் திற."

"அதான் அவருக்குப் பதிலா நான் இருக்கேன்லா."

உள்ளே சூசை இருமுவது கேட்டது. இருளப்பன் பொன்னாடையை விரித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கதவுக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றார்.