பொறுக்கச் சொன்ன கம்ப்யூட்டர்

"ஒரு நிமிஷம்னாலும் லேட் லேட்டுதான். அரை நாள் சம்பளம் கட்."

மண்ணூர்பேட்டை பேக்கிங் கம்பெனியின் கேட்டில் நின்று மேனேஜர் எத்திராஜ் கத்திக்கொண்டிருந்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய பெண்கள் தலைதெறிக்க ஓடி வந்து கைரேகை மிஷினில் விரல் வைத்தார்கள். எல்லாருக்கும் பச்சை விளக்கு.

"தப்பிச்சே எல்லம்மா. நாளைக்குப் பாக்கறேன்."

எல்லாரும் உள்ளே போனபிறகு, ஆற அமர அவரும் விரலை வைத்தார். பச்சைதான்.

கம்ப்யூட்டர் வேலைக்காக வானகரத்திலிருந்து வந்திருந்த கிரணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொம்பளைங்கள இந்த விரட்டு விரட்டறாரு, இவரு மட்டும் கடைசியா கை வெப்பாராம்.

வேலை என்னவோ சின்னதுதான். யார் எப்போது வந்தார்கள் என்ற ரிப்போர்ட் தினமும் முதலாளியின் போனுக்குத் தானாகப் போக வேண்டும். அதற்கு ஆபீஸ் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு பைத்தான் மாட்யூலை, அதாவது ஒரு சின்ன புரோகிராமை, ஏற்ற வேண்டும். கேட் மிஷினுக்கு நேரம் சொல்வதும் அதே கம்ப்யூட்டர்தான்.

மாட்யூல் ஏற மாட்டேன் என்றது. 'இந்த ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை. சில நிமிடங்கள் கழித்துத்தான் ஆகும்' என்று எர்ரர்.

இது என்னடா கூத்து என்று தன் போனிலிருந்து நெட் கொடுத்துப் பார்த்தான். டவுன்லோடு ஆகிற இடத்தை மாற்றிப் பார்த்தான். திரும்பத் திரும்ப அதே எர்ரர்.

அப்புறம்தான் கம்ப்யூட்டர் காட்டிய நேரம் கண்ணில் பட்டது. கால் மணி பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டில் இப்போதுதான் வந்த ஃபைல் இந்தக் கம்ப்யூட்டரின் கணக்கில் இன்னும் பிறக்காத பிள்ளை. கொஞ்சம் பொறுத்திருந்தால் தானாகவே ஏறியிருக்கும்.

பொறுக்கிற ஆளா கிரண்? தோண்டினான். நெட்டைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதியை யாரோ வேண்டுமென்றே அணைத்து வைத்திருந்தார்கள். காலையில் அவனுக்குப் பாஸ்வேர்டு போட்டுத் திறந்துவிட்ட எத்திராஜைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

கூட வேலை பார்க்கும் டில்லிபாபுவுக்குப் போன் போட்டான்.

"மச்சான், இந்தாளு கில்லாடிடா. கடியாரத்த பின்னால தள்ளி வெச்சுகினு கீறாரு. சாயங்காலம் ஊட்டுக்குப் போற நேரம் ஆனாலும் மிஷின் விடாது. தெனம் கால் மணி ஓசில வேலை வாங்கறாரு."

"நமக்கு இன்னாடா? மாட்யூல ஏத்திட்டு வா."

"அந்தப் பொம்பளைங்களப் பாத்தா பாவமா கீதுடா. என்னால சும்மா போவ முடியாது."

எத்திராஜ் குடோனுக்குப் போயிருந்த நேரம். கிரண் கடிகாரத்தை நெட்டோடு சேர்த்து வைத்தான். எத்திராஜ் இனி கை வைக்கக் கூடாது என்று கம்ப்யூட்டரே உருவாக்கிய நீளமான பாஸ்வேர்டை மாற்றி வைத்து, தன்னிடம்கூட வைத்துக்கொள்ளாமல் முதலாளிக்கு மட்டும் அனுப்பினான். மாட்யூல் சமத்தாக ஏறியது. அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

மறுநாள் காலையில், அந்தப் பெண்களின் சந்தோஷத்தைப் பார்க்கவே சீக்கிரம் வந்துவிட்டான். எத்திராஜ் அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். வேறு யாரும் வரவில்லை.

ஷேர் ஆட்டோ வழக்கமான நேரத்துக்கு வந்தது. எல்லம்மா ஓடி வந்து விரல் வைத்தாள். சிவப்பு. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே சிவப்பு. பின்னால் வந்தவர்களுக்கும் சிவப்புதான்.

"இன்னா சார் ஆச்சு மிஷினுக்கு?"

"இப்பதான்க்கா கரெக்டா கீது" என்றான் கிரண் பெருமையாக. "தெனம் சாயங்காலம் உங்ககிட்ட கால் மணி திருடிகினு இருந்தாங்க. நான்தான் சரி பண்ணேன்."

எல்லம்மா அவனையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பால்வாடி தொறக்கறதே ஒம்போது மணிக்கு சார். இங்க ஷிஃப்டும் ஒம்போதுக்கு. புள்ளைய வுட்டுட்டு வர வேணாமா? நாங்க கெஞ்சிக் கேட்டுதான் அவரு கடியாரத்த தள்ளி வெச்சாரு. காலைல லேட்டாவறத சாயங்காலம் குந்தி முடிச்சுக் குடுத்துகினு கீறோம். இனிமே தெனம் அரை நாள் போச்சுன்னா வேலைய வுட்டு நிக்க வேண்டியதுதான்."

"அப்ப அவரு அந்தக் கத்து கத்தறாரே?"

எல்லம்மா கண்ணால் மேலே காட்டினாள். கேட்டுக்கு மேல் கேமரா.

"மொதலாளி ராத்திரி ஊட்டுல போட்டுப் பாக்கறாரு. அதுலயும் இதே கடியாரந்தான். சத்தமும் கேக்கும்."

கிரண் உள்ளே ஓடினான். பாஸ்வேர்டு முதலாளியிடம். நேற்று ஏற்றிய மாட்யூல் முதல் ரிப்போர்ட்டைக் கச்சிதமாக அனுப்பி முடித்திருந்தது.

திரும்பி வந்தபோது, பெண்கள் வரிசையின் கடைசியில் எத்திராஜ் நின்றிருந்தார்.

"சார், நீங்கதான் மொதல்ல வந்தீங்க. அப்பவே கை வெச்சிருந்தா பச்சை வந்திருக்குமே?"

எத்திராஜ் விரலை வைத்தார். சிவப்பு எரிந்தது.

"ஒரு நிமிஷம்னாலும் லேட் லேட்டுதான் தம்பி" என்றார், இந்த முறை கத்தாமல்.