வாங்க, உட்காருங்க

"வாங்க, உட்காருங்க" என்றார் அப்பா.

மகன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் வரவில்லை.

"யாரைப்பா சொல்றீங்க?"

"உங்களைத்தான். செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க."

பிறந்ததிலிருந்து "டேய்" என்றும், கோபம் வந்தால் "எருமை" என்றும் கூப்பிட்ட வாய் அது. மகன் செருப்பைக் கழற்றி வெளியில் விட்டான்.

அவனுக்கு எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டில், பெயின்ட் கம்பெனி ஒன்றில் வேலை. கல்யாணமான கையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டான். ஆனாலும் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அவன் கால் தானாகவே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்கும். மனைவிக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. அதனால் இவன் மட்டும் வந்து, அம்மா கையால் சாப்பிட்டு, தன் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவான்.

பையோடு போய்த் தன் அறைக் கதவைத் திறந்தான். உள்ளே கால் வைக்க இடமில்லை. தரையிலிருந்து கூரை வரை பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்பா விசேஷ வீடுகளுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்.

"அப்பா, என் கட்டில் எங்கே?"

"எந்தக் கட்டில்? உங்களுக்கு இந்த வீட்டுல கட்டிலே கிடையாது." அப்பா குரலைத் தாழ்த்தினார். "உங்க வரி விஷயமா ஆடிட்டரைப் பார்த்துட்டு வந்தேன். ஒருத்தனுக்கு எந்த நாட்டுல நிரந்தரமா வீடு இருக்கோ, அந்த நாடு அவன் சம்பளத்துக்கு வரி கேக்குமாம். ரெண்டு பக்கமும் வீடு இருந்தா ரெண்டு பக்கமும் வந்து கழுத்தைப் பிடிப்பாங்க. இங்க உங்களுக்குன்னு ஒரு அறை காத்துக்கிட்டு இருந்தா, அதுவும் வீடுதானாம்!"

வரி என்றதும் மகனுக்கு வியர்த்தது. யாராவது கேட்டால் என்ன செய்வதென்று, இறங்கிய பிறகும் பஸ் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் ரகம் அவன்.

"அறை இல்லேன்னு வாயால சொல்லிட்டுப் போகலாமே. அதுக்குக் கட்டிலைக் கழட்டணுமா?" என்றாள் சமையலறையிலிருந்து அம்மா.

"பொய் சொல்ற பழக்கம் நம்ம குடும்பத்துல கிடையாது. அதான் நிஜமாவே இல்லாம பண்ணிட்டேன்."

"நல்லாப் பண்ணீங்க. நீ சாப்பிட வாடா, ஆறிடப் போகுது."

"'வாங்க'ன்னு சொல்லு! விருந்தாளியைப் போய் வாடாங்கற. வரி ஆபீஸ் காதுல விழுந்தா?"

"வரி ஆபீஸ் என்ன நம்ம கொல்லைப்புறத்துலயா இருக்கு?" அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "சரி. சாப்பிட வாங்கடா."

வாங்கின சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணே, பெத்த பிள்ளையை வாங்க போங்கன்னு பேசறீங்க?"

"அவனுக்கு இனிமே அங்கதாம்மா குடி."

"குடியா!" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "டீயைக்கூட ஆத்தி ஆத்திக் குடிக்கிற பிள்ளையாச்சே. எப்போலேர்ந்து?"

"குடியிருப்பும்மா, குடியிருப்பு!"

விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அக்கா சல்லடையை நங்கென்று வைத்தாள். "வரிக்குப் பயந்து பிள்ளையை வெளியில தள்ளுற அப்பனை இப்பத்தான் பார்க்கிறேன். நல்லா இருக்கு உங்க நியாயம்!"

அப்பா அசையவில்லை. மகன் விருந்தாளித் தட்டில் சாப்பிட்டு முடித்தான். தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ராத்திரிக்கு எங்கேப்பா படுக்கறது?"

"கடைசி பஸ் இன்னும் போகலையே. சீக்கிரம் கிளம்புங்க. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க."

தெரு முனைக்கு வந்ததும் மகன் நின்றான். பையைக் கீழே வைத்துவிட்டு ஆடிட்டருக்குப் போன் போட்டான்.

"சார், ஒரு சந்தேகம். ஒரே ஒரு ராத்திரி நாற்காலிக்கு மேலயே சுருண்டு படுத்துக்கிட்டா, அது நிரந்தர வீடு ஆயிடுமா?"

"யாருங்க நீங்க?"

சொன்னான்.

"அட, சேர்காரர் பையனா! தம்பி, ரெண்டு பக்கமும் அறை இருந்துட்டுப் போகட்டுமே. அப்படி இருந்தா, குடும்பம் எங்க இருக்குன்னுதான் அடுத்துப் பார்ப்பாங்க. உங்க சம்சாரம் அங்க, வேலையும் அங்க. அப்புறம் என்ன? நீங்க இங்க கட்டில்ல படுத்தாலும் சரி, ஃபேன்ல தொங்கிக்கிட்டே தூங்கினாலும் சரி, வரிக்கு அந்த ஊர்க்காரர்தான். இதை உங்கப்பாவுக்கு அன்னிக்கே தெளிவாச் சொல்லிட்டேனே!"

மகனுக்குச் சுருக்கென்றது. "தெரிஞ்சேவா சார் என் கட்டிலைக் கழட்டினாரு?"

ஆடிட்டர் சிரித்துவிட்டார்.

"நான் சொன்னதும் அவர் என்ன சொன்னாரு தெரியுமா தம்பி? 'சம்சாரம் இருக்கிற இடம்தான் வீடுன்னு சட்டத்துக்கே தெரிஞ்சிருக்கு சார், வாரா வாரம் அந்தப் பொண்ணைத் தனியா விட்டுட்டு ஓடி வர்ற என் பையனுக்குத் தெரியலையே. நான் சொன்னா கேக்க மாட்டான், வரின்னு சொல்லிப் பார்க்கிறேன்'னாரு."