நம் உண்ணி நமக்கே

ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் எருமைகளும் அந்தப் பக்கம் உண்ணிக்கொக்குகளும் வெகுகாலம் நட்பாக வாழ்ந்தன. கொக்குகள் எருமைகளின் முதுகில் உட்கார்ந்து உண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். கொக்குக்கு வயிறு நிறையும், எருமைக்கு அரிப்பு தீரும்.

அந்த வருடம் எருமைகளுக்குத் தேர்தல் வந்தது.

"நம் முதுகில் விளைவதை அயலார் சும்மா அள்ளிக்கொண்டு போவதா? நம் உண்ணி நமக்கே!" என்று ஒரு கடா முழங்கியது. கேட்கும்போதே கரிச்சி என்ற எருமைக்கு உடம்பு சிலிர்த்தது. ஓட்டுக்கு எல்லாரும் வாலைத் தூக்கியபோது அதுவும் தூக்கியது.

கடா ஜெயித்தது. இனி முதுகில் உட்காரும் கொக்கு, பத்து உண்ணிக்கு ஓர் அல்லித்தண்டு தீர்வை கட்ட வேண்டும் என்றது. கொக்கு எங்கே அல்லித்தண்டைத் தூக்குவது? அவை வருவதையே நிறுத்திவிட்டன.

சில நாளிலேயே கரிச்சியின் காதுகளில் உண்ணிகள் புளியங்கொட்டை போலத் தடித்தன. மேயவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வெட்கத்தை விட்டு வரப்போரம் போய், பழைய சிநேகிதி வெள்ளச்சியைக் கூப்பிட்டது.

வெள்ளச்சிக் கொக்கும் மெலிந்திருந்தது. "ஏக்கா, நீயும்தானே வாலைத் தூக்கினே?"

"ஈ ஓட்டத் தூக்கினேன்டி."

வெள்ளச்சி சிரித்துவிட்டது. "சரி, உங்க சட்டம்?"

"முதுகுன்னுதான் சொல்லியிருக்கு. காதைப் பத்திப் பேச்சே இல்லை." கரிச்சி தலையை வரப்புக்கு அந்தப் பக்கம் நீட்டியது.

வெள்ளச்சி ஆசையாகக் கொத்தத் தொடங்கியது. "அடுத்த வாரம் எங்களுக்கும் தேர்தல்க்கா. 'நம் அலகு நமக்கே'ன்னு ஒருத்தன் சுத்துறான். கேக்க நல்லாத்தான் இருக்கு."

கரிச்சி அவசரமாகத் தலையைத் திருப்பியது.

"அப்படின்னா இந்தக் காதையும் இன்னிக்கே பாத்துடு, தாயி."