கீழ்த்தளத்துக் கதவு

தேக்கில் செதுக்கிய விமானம்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தைப் பெட்டி மூடிபோலக் கழற்றிக் காட்டினார் தச்சர். உள்ளே எஞ்சின் அறைவரை எல்லாம் இருந்தன.

ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி அசந்துபோனார். "அச்சு அசல் அப்படியே இருக்குய்யா! பன்னிரண்டு வருஷம் இதுலதான் குப்பை கொட்டினேன்."

"தீப்பிடிச்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியே செஞ்சிருக்கேன் சார். குறை இருந்தா தயங்காம சொல்லுங்க."

அதிகாரி குனிந்து பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு. எஞ்சின் அறைக் கதவைத் திறந்து வெச்சிருக்கே. அன்னிக்கு அது வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது."

"கதவு திறந்துதான் இருந்துச்சு, புகையில மூச்சடைச்சுத்தான் ஒன்பது பேரும் செத்தாங்கன்னு விசாரணை அறிக்கையில இருக்கே சார்?"

"அறிக்கை கிடக்கட்டும்யா. தீ மேலே பரவிடக் கூடாதுன்னு தாழ்ப்பாள் போட்டதே நான்தானே!" சொன்ன பிறகுதான் அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தச்சர் உளியைத் துடைத்து வைத்தார். "இதே கப்பலை நான் செய்யறது இது இருபத்திரண்டாவது தடவை சார். எல்லாத்துலயும் அந்தக் கதவைத் திறந்துதான் வெச்சேன். நிஜக் கப்பல்ல வேலை பார்த்தவங்க எத்தனையோ பேர் வாங்கிட்டுப் போனாங்க. தப்புன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"பழைய கதை, விடுய்யா."

"சரி சார். நீங்க சொன்னபடியே கதவைச் சாத்திடறேன்."

தச்சர் எழுந்து பட்டறையை விட்டு வெளியே போனார். கதவு மூடியது. வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சன்னல் இல்லாத அறை. கால் புதைய மரத்தூள். அதிகாரி கதவைத் தட்டினார். பிறகு இரண்டு கைகளாலும் இடித்தார்.

"எங்க அப்பாவும் இப்படித்தான் சார் தட்டியிருப்பாரு," என்றது வெளியிலிருந்து குரல்.