உப்பில்லாத பாறை

பாறைகளை ஆராய்கிறவர்களுக்குக் கல்லைக் கண்டால் நக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஈரம் பட்டால்தான் தூசுக்கு அடியில் உள்ள படிகங்கள் நிறம் காட்டும். சுத்தியலோடு வெயிலில் சுருண்டு விழுந்து செத்துப்போன கணவன் மகிழ்நனின் பையை, நாற்பது நாள் கழித்து ஆய்வகத்தில் திறந்தாள் கோதைநாயகி. ஒரே ஒரு கல். கூட இருந்தவர்கள் அவன் விரல்களைப் பிரித்து எடுத்துப் போட்டது. பழக்கதோஷத்தில் நாக்கு நுனியை வைத்தாள். ஆலிவின் படிகங்கள் பச்சையாக மின்னின, நடுவே குரோமைட் கரும்புள்ளிகள். இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் குழம்பாய்க் கிடந்து மெல்ல ஆறிய பாறை. அதில் மக்னீசியம் இருக்கும், இரும்பு இருக்கும். உப்பு இருக்கவே இருக்காது. ஆனால் உப்புக் கரித்தது.

அவனுடைய வியர்வை என்று உறைப்பதற்குள் விழுங்கிவிட்டாள். பதறிப்போய்க் கல்லைத் திருப்பித் திருப்பி நக்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரிப்பு குறைந்தது. கடைசியில் வெறும் கல்.

“மேடம், கழுவிட்டு அறுத்துடட்டுமா?” வாசலில் நின்று கேட்டார், நுண்ணோக்கியில் பார்க்கக் கல்லை மெல்லிசாக அறுத்துக் கொடுக்கும் சகாயம்.

“கழுவியாச்சுண்ணே” என்று அவர் கையில் வைத்தாள்.